நுரைத்தொட்டியின் விளிம்பு

டெல்லியின் குளிர்கால வெயில் ஆய்வகத்தின் அழுக்கு ஜன்னல் வழியே வந்து நுரைத்தொட்டியின் மேல் விழுகிறது. அரைத்த தாதுவை இதில் தண்ணீரும் நுரை மருந்தும் சேர்த்துக் கலக்கினால் வெள்ளி நுரையோடு மேலே வரும். காலையில் ஒரு புது மருந்தை ஊற்றிச் சோதித்து நான் வழித்தெடுத்த நுரையில், யாரும் எதிர்பாராத அளவு வெள்ளி இருக்கிறது. ஆய்வகத் தலைவர் ஸ்ரீதர் சார் போனில் சுரங்கக்காரர்களிடம், அந்தப் புது மருந்தையே வாங்கிவிடலாம் என்று இந்தியில் சொல்கிறார். நான் தொட்டியின் விளிம்புக்கு அடியில் விரலை ஓட்டுகிறேன். சாம்பல் நிறத்தில் ஒரு பளபளப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது. நேற்றைய தாது. இன்றைய தாதுவைவிடப் பல மடங்கு வெள்ளி உள்ளது அது. காலையில் அவசரத்தில் தொட்டியைக் கழுவாமல் விட்டேன். விரலில் இருப்பது மிச்சம்; மற்றதெல்லாம் இன்றைய நுரையில் சேர்ந்துவிட்டது. "ஏக் மினிட்" என்று போனில் சொல்லிவிட்டு, சார் காஜு கத்லி டப்பாவை நீட்டுகிறார். "எடுத்துக்கோ அம்பிகா. ஒரு வாரமா மூஞ்சத் தூக்கி வெச்சிருந்தியே, இன்னிக்காவது சிரி." என் இடது கை நீள்கிறது. "என்னம்மா இது, ஸ்வீட்டப் போய் இடது கையிலயா வாங்குவாங்க?" முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்த வலது கையை முன்னால் கொண்டுவருகிறேன். வெயிலில் விரல் மின்னுகிறது. "சார், காலையில தொட்டிய நான் கழுவல." டப்பா நீட்டியபடியே நிற்கிறது. போனுக்குள் யாரோ ஹலோ, ஹலோ என்கிறார்கள்.