ஓட்டைத் தொட்டி

தட்டில் விழுந்த முதல் சொட்டைத் தன் நெற்றி வியர்வை என்றுதான் வீட்டுக்காரர் நினைத்தார். அடுத்தது விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார். மேல்தளம் பாய் அகலத்துக்கு ஊறிப்போயிருந்தது. அதற்கு நேர் மேலேதான் மாடிக் குடித்தனக்காரியின் மீன் தொட்டி.

எச்சில் கையோடு படியேறினார்.

அந்தத் தொட்டியின் வரலாறு தெருவுக்கே தெரியும். இழுத்து மூடிய ஓட்டல் ஒன்றிலிருந்து வந்தது. அடிக் கண்ணாடியில் குழாய் விடுவதற்காகத் துளைத்த ஓட்டைகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் கோழி முட்டை நுழையும். ஓட்டை இல்லாத தொட்டி வாங்க அவளுக்கு வசதி இல்லை. மீன் வெட்டும் கொட்டகையில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவள்.

"பொழுதுக்கும் மீன் வெட்டுறவளுக்கு மீன் வளக்க ஆசையாம். ஊரு சிரிக்கப்போவுது," என்றான் காவலாளி வேலை பார்க்கும் கணவன்.

"சிரிக்கட்டும். செத்த கண்ணையே பாத்துப் பாத்து எனக்குச் சலிச்சுப்போச்சு. உசுரோட நாலு பாக்கணும்."

கண்ணாடிக் கடைக்காரர் ஓட்டைகளை மூட இரண்டு சதுரத் துண்டுகளை வெட்டிக் கொடுத்தார். "உள்பக்கமா ஒட்டும்மா. தண்ணிப் பாரமே அழுத்திப் பிடிச்சுக்கும். பசை காயுற வரைக்கும் வினிகர் வாடை அடிக்கும், அவசரப்படாதே."

அவள் முட்டி போட்டுத் தொட்டிக்குள் தலையை விட்டு, பழைய பசையை மீன் கத்தியாலேயே சுரண்டி எடுத்தாள். துண்டுகளை ஒட்டி, விளிம்பெல்லாம் விரலால் இழுத்துவிட்டாள். தூசி அண்டாமல் தொட்டி மேல் ஒரு போர்வையைப் போர்த்தினாள்.

தொட்டி மாடி ஏறிய அன்றைக்கே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்: "ஒரு சொட்டு கீழ வந்தாலும் வீட்டைக் காலி பண்ணிடணும்." அவள் சரி என்றாள். கணவனுக்குத்தான் பயம். மீன் வாடை அடிக்கிறவளுக்கு வாடகை வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. வாசலிலேயே மூக்கைச் சுளித்து 'ஆள் வந்தாச்சு' என்று சொல்லியனுப்பிய வீடுகள் எத்தனையோ.

வீட்டுக்காரர் கதவைத் தட்டவில்லை, இடித்தார். திறந்ததும் வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன புளிச்ச நாத்தம் இது? மீன் நாத்தம் போதாதுன்னு புதுசா ஒண்ணா?"

"பசை வாடை அண்ணே. என்ன விஷயம்?"

"விஷயமா? உன் தொட்டித் தண்ணியில நான் சோறு தின்னுக்கிட்டிருக்கேன். தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, ஓட்டைத் தொட்டி வேண்டாம்னு."

அப்போதுதான் வேலை முடிந்து வந்த கணவன், படியில் நின்றபடியே கையைப் பிசைந்தான். "ஐயா, மன்னிச்சிருங்க. தொட்டியை இப்பவே தூக்கிப் போட்டுடுறோம்."

"யாரும் எதையும் தூக்கிப் போட வேணாம். நீங்க சும்மா இருங்க," என்றாள் அவள். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "குழாய் ஏதாச்சும் ஒழுகுதான்னு பாத்தீங்களா அண்ணே?"

"என் குழாயா? கூடவே நின்னு போட்டது. உனக்கு முன்னாடி இருந்தவளும் இதையேதான் சொன்னா. அவ துணி தொவைச்சுத் தளத்தை ஊறவெச்சா, நீ மீன் வளத்து ஊறவெக்கிறே. எனக்குன்னு வந்து சேருதுங்க பாரு."

எதிர்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து எட்டிப் பார்த்தார். அவரைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்குக் குரல் ஏறியது. "நல்ல நேரத்துல வந்தீங்க. நியாயத்தைக் கேளுங்க."

"நியாயத்தை நானே கேக்குறேன்," என்றாள் அவள். "தளம் ஊறிப்போச்சு. சரி பண்ற செலவு யாருது?"

"யாரு தண்ணி ஒழுகுதோ அவங்களுது."

"அதைத் தையக்காரருக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க."

"அடியே, வாயை மூடுறியா," என்று கணவன் பல்லைக் கடித்தான். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறாளே என்று அவனுக்கு.

"அவ கேக்கட்டும்யா. நான் சொல்றேன்," வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்தார். "யாரு தண்ணி ஒழுகுதோ, செலவும் அவங்களுது, தப்பும் அவங்களுது. நாளைக்கே கொத்தனாரை வரச்சொல்லிப் பூசணும். போதுமா? தையக்காரரே, நீங்க சாட்சி."

"சாட்சிதான்," என்றார் தையல்காரர், கொஞ்சம் தயங்கி.

"இதுக்கு மேல என்ன பேச்சு? மூட்டையைக் கட்டு." வீட்டுக்காரர் அவளைத் தாண்டி உள்ளே போனார். "எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்குறேன். முழுசும் என் வீட்டுக்குள்ள இறங்கியிருக்கும்."

போர்வையைத் தூக்கக்கூடப் பொறுமையில்லை. அதன் அடியிலேயே தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டார். இந்த மூலை துழாவினார், அந்த மூலை துழாவினார். கை அப்படியே நின்றுவிட்டது. கீழே இன்னொரு சொட்டு தட்டில் விழும் சத்தம் படிக்கட்டு வழியாக மேலே வரை கேட்டது.

அவள் கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"நல்லா துழாவிப் பாருங்க அண்ணே. அதுல நான் இன்னும் தண்ணியே ஊத்தலை."