தழும்பு எங்கே?

"கன்னத்துல காசு அகலத்துக்குத் தழும்பு! லேசர்ல மச்சம் எடுத்தா இடமே தெரியாதுன்னு அடிச்சுச் சொன்னீங்களே டாக்டர்!"

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவனைத் தோல் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததுமே ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன் இடது கன்னத்தில் மிளகளவு மச்சத்தோடு வந்த முகம்.

"தழும்பா? என் லேசர்லயா? உட்காரு."

"முழுசாக் கேளுங்க. அடுத்த வாரம் கல்யாணம். பொண்ணு வீட்ல பார்த்தா..."

"வாயை மூடு. கன்னம் அசையுது."

பூதக்கண்ணாடியோடு டாக்டர் அந்தக் கன்னத்தில் குடியேறினார். ஐந்து நிமிடம் கழித்துத்தான் வெளியே வந்தார். நிலாவில்கூட ஒரு கறை உண்டு. இங்கே மருந்துக்கும் இல்லை. தன் கைவேலையைப் பார்த்து முதலில் அவருக்குப் புல்லரித்தது. அப்புறம்தான் கோபம் வந்தது.

"சிஸ்டர்! எங்கேயாவது தழும்பு தெரியுதா பாருங்க."

"துளிகூட இல்ல டாக்டர். சார், உங்க பேர் சொல்லுங்க, ஃபைலைப் பார்த்துடலாம்."

"பேரெல்லாம் எதுக்கு? நான் பேரை மறப்பேன், மூஞ்சியை மறக்க மாட்டேன்!"

"டாக்டர், அந்தத் தழும்பு..."

"மறுபடியும் தழும்பா? பளிங்கு மாதிரி கன்னத்தை வச்சுக்கிட்டு இப்படிப் பேச உனக்கு வாய் கூசலை?"

விடவில்லை டாக்டர். அவனைச் சுவரோரம் நிறுத்திப் படம் பிடித்தார். பிரிண்டர் துப்பிய சூட்டோடு வரவேற்பறைப் பலகையில் ஒட்டினார். பக்கத்தில் ஏற்கெனவே ஒட்டியிருந்த, மச்சத்தோடு எடுத்த பழைய படத்துக்கு மேல் 'முன்' என்றும், புதிய படத்துக்கு மேல் 'பின்' என்றும் எழுதினார். காத்திருந்த கூட்டம் எழுந்து வந்து பார்த்தது. ஒரு அம்மாள் கையே தட்டிவிட்டார்.

"இப்ப இத்தனை பேர் முன்னாடி சொல்லு. எங்கே அந்தத் தழும்பு?"

"கீழே கார்ல உட்கார்ந்திருக்கு டாக்டர். வெளியே தலைகாட்ட வெட்கப்படுது." அவன் செல்போனை எடுத்தான். "அண்ணா, நீயே மேல வந்துடு. இவர் என்னைப் பேசவே விட மாட்டேங்கிறார்."

முகத்தை மூடியிருந்த துண்டை அவிழ்த்தபடி ஒருவன் படியேறி வந்தான். அதே மூக்கு, அதே முழி, அதே காது. இடது கன்னத்தில் மட்டும் காசு அகலத்துக்கு ஒரு தழும்பு.

பலகையை அவன் ஏற இறங்கப் பார்த்தான்.

"'முன்' நான்தான், சரி. 'பின்'னுல எதுக்கு டாக்டர் என் தம்பியை ஒட்டியிருக்கீங்க? எங்க ரெண்டு பேர்ல அவனுக்குப் பொறந்ததுலேருந்தே மச்சம் கிடையாதே!"