புதன்கிழமை ம்யூட்

"இண்டைக்கு ரெண்டில ஒண்டு பாக்காமல் நான் வீட்டை போகமாட்டன்."

காரைப் பூட்டும்போதே அஜித்தா சொல்லிவிட்டாள். பின்சீற்றில் இருந்து இறங்கிய மகள் அஞ்சலீனாவின் முகம் சுருங்கியது.

"அம்மா, ப்ளீஸ். விடுங்கோவன்."

"நீ பேசாமல் வா. உனக்காகத்தான் நான் இந்தப் பாடு படுறன்."

ரெய்னர்ஸ் லேனில் வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு. புதன்கிழமை பின்னேரம் அதே வகுப்பு ஒன்லைனில். சனிக்கிழமை நேரில் படித்ததை வைத்து, புதன்கிழமை வீட்டில் இருந்தபடி பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் தமிழில் கதைத்துப் பழக வேண்டும். இந்த யோசனையைச் சொல்லி, நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி, புதன்கிழமை வகுப்பைத் தொடங்கியவர் ஆசிரியை மெற்றில்டா. பிள்ளைகளுக்கு அவர் என்றால் உயிர்.

அஜித்தாவுக்குத்தான் அவரைக் கண்ணில் காட்டக் கூடாது.

காரணம், புதன்கிழமைகளில் மெற்றில்டா அஞ்சலீனாவை ம்யூட் பண்ணிவிடுகிறார். அவளுடைய முறை வந்தால் மைக்கைத் திறக்கிறார். அவள் வசனத்தைச் சொல்லி முடித்ததும் திரும்பப் பூட்டிவிடுகிறார். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் அஜித்தா இந்த அநியாயத்தைப் பார்க்கிறாள். போன புதன்கிழமை பாடம், 'சந்தையில் சாமான் வாங்குதல்'. அஞ்சலீனாதான் மரக்கறிக் கடைக்காரி. மற்றப் பிள்ளைகள் எல்லாம் முருங்கைக்காய்க்கு விலை கேட்டுக் கத்துகிறார்கள், கடைக்காரி மட்டும் ஊமையாக உட்கார்ந்திருக்கிறாள். எந்தத் தாய்க்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

விஷயத்தை அவள் சிநேகிதி டிலக்சனாவோடு ஏற்கெனவே அலசி முடித்திருந்தாள்.

"சனிக்கிழமை நாங்கள் வாசலில நிக்கிறம் எண்டு 'அஞ்சலீனா, அஞ்சலீனா' எண்டு தேன் ஒழுகக் கதைக்கிறா. புதன்கிழமை ஆர் பாக்கப்போகினம் எண்ட நினைப்பு! அதுக்குள்ள என்னைக் கூப்பிட்டு, 'புதன்கிழமையில பிள்ளையைத் தனி அறையில இருத்துங்கோவன்' எண்டு புத்தி வேற. எங்கட பிளாட்டில எத்தினை அறை எண்டு கணக்கெடுக்கிறாவாக்கும்."

"விடாதை அஜித்தா. மாஸ்ரரிட்டைச் சொல்லு" என்று டிலக்சனாவும் நன்றாக ஏற்றிவிட்டிருந்தாள்.

மாஸ்ரர் என்றால் அதிபர் தியாகராஜா. வகுப்பறையில் மேசைகளை இழுத்து ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தார். பிள்ளைகளை விட வந்த பெற்றோர் சிலரும் அங்கே நின்றார்கள். அஜித்தா குரலைக் குறைக்கவில்லை. நியாயம் தன் பக்கம் இருக்கும்போது எதற்குக் குறைக்க வேண்டும்?

"மாஸ்ரர், அடுத்த மாசம் பிள்ளையளுக்குப் பேச்சுத் தேர்வு. என்ர பிள்ளையின்ர வாயைப் பூட்டி வைச்சால் அவள் எப்பிடிக் கதைச்சுப் பழகிறது? இது படிப்பிக்கிறதோ, பழிவாங்கிறதோ?"

பக்கத்தில் நின்ற ஒரு தாய் மெதுவாகச் சொன்னாள். "மெற்றில்டா ரீச்சர் அப்பிடிச் செய்யிற ஆள் இல்லையே. என்ர லக்‌ஷனோட எவ்வளவு அன்பு."

"உங்கட மகனை ம்யூட் பண்ணியிருந்தால் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்!"

லக்‌ஷனின் அம்மா மகனைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

தியாகராஜா மெற்றில்டாவைக் கூப்பிட்டார். "ரீச்சர், இந்தப் பிள்ளையை மட்டும் ம்யூட் பண்ணுறது உண்மையோ?"

"ஓம், மாஸ்ரர்."

"ஏன்?"

மெற்றில்டா ஏதோ சொல்ல வந்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"காரணம் ஒண்டும் இல்லை மாஸ்ரர். என்ர பிழைதான். அஜித்தா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பாத்தீங்களோ மாஸ்ரர்? தன்ர வாயாலயே ஒத்துக்கொண்டிட்டா!"

தியாகராஜா தலையைச் சொறிந்தார். இத்தனை பேருக்கு முன்னால் ஏதாவது செய்தாக வேண்டும்.

"அப்பிடியெண்டால் புதன்கிழமை வகுப்பை வேற ஆரிட்டையாவது குடுப்பம் ரீச்சர். நீங்கள் சனிக்கிழமையை மட்டும் பாருங்கோ."

தான் பாடுபட்டுத் தொடங்கிய வகுப்பு. மெற்றில்டாவின் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் "சரி மாஸ்ரர்" என்றார். பிறகு, "வாங்கோ பிள்ளையள், புத்தகத்தை எடுங்கோ" என்று பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வகுப்பு முடிந்து காரில் ஏறியபோதும் அஜித்தாவுக்கு வெற்றிக் களை போகவில்லை. முதல் வேலையாக டிலக்சனாவுக்குச் சொல்லப் போனை எடுத்தாள். பின்சீற்றில் விம்மல் கேட்டது.

"என்னடி? நீ சந்தோஷமெல்லோ படவேணும்! இனி உன்ர வாயை ஒருத்தரும் பூட்டமாட்டினம்."

"அந்த ம்யூட் எனக்கில்லை அம்மா. உங்களுக்கு."

"எனக்கோ?"

"நீங்கள் குசினியில சமைச்சுக்கொண்டு டிலக்சனா அன்ரியோட போனில கதைக்கிறது கிளாஸ் முழுக்கக் கேக்கிறது. ஒருநாள் நீங்கள் கதைச்சதைக் கேட்டிட்டுத்தான் ரீச்சர் ம்யூட் பண்ணத் தொடங்கினவா."

அஜித்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவ்வளவுதானோ? நாங்கள் கதைக்கிற இடியப்பக் கதையையும் சீலைக் கதையையும் கேட்டு ஆருக்கடி என்ன நட்டம்?"

அஞ்சலீனா கண்ணைத் துடைத்தாள்.

"லக்‌ஷன்ட அப்பா மன்செஸ்டரில வேலை செய்யிறார் எண்டுதான் அவன்ர அம்மா அவனுக்குச் சொல்லி வைச்சிருந்தவா. அவர் வேற ஒரு பொம்பிளையோட போயிட்டார் எண்டு லக்‌ஷன் கேட்டது உங்கட வாயாலதான் அம்மா, என்ர மைக்கில."