மறுபடியும் பார்க்க விரும்பும் ஒருவர்

"அவரை நினைக்காத நாளே இல்லை" என்றாள் மனைவி. சொல்லும்போதே கண் கலங்கியது.

மருந்துக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவரை கைபேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, வாட்ஸ்அப்பை மேய்ந்துகொண்டே பாதிக் காதில்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பரீட்சை அவளுக்குத்தானே.

நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போக ஆங்கிலப் பரீட்சை. எழுத்திலும் வாசிப்பிலும் தேறியவள், பேச்சில் போன தடவை கோட்டை விட்டிருந்தாள். ஒரு தலைப்பைக் கொடுப்பார்கள், இரண்டு நிமிடம் நிறுத்தாமல் ஆங்கிலத்தில் பேச வேண்டும். 'எங்கள் ஊர்' என்றால் மூன்றாவது வாக்கியத்திலேயே மூச்சு வாங்குகிறவள், 'மறுபடியும் பார்க்க விரும்பும் ஒருவர்' என்றதும் மடை திறந்தாற்போல் கொட்டிவிட்டாள்.

"யாரு அது?" என்றார், சும்மா கேட்பதுபோல்.

"கற்பனைதாங்க. உண்மையா பொய்யான்னு அங்க யாரு பார்க்கப் போறா? நிறுத்தாம பேசணும், அவ்வளவுதான்."

கற்பனைக்கு எங்கேயாவது கண் கலங்குமா? நெருப்பில்லாமல் புகையுமா? மறுநாள் இருமல் மருந்து கேட்டு வந்தவருக்கு வயிற்றுவலி மருந்தை எடுத்து நீட்டினார்.

சாயங்காலம் பயிற்சிப் புத்தகத்தில் வேண்டுமென்றே அதே தலைப்பை எடுத்தார். பொய் என்றால் இன்றைக்கு வேறு மாதிரி வரும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். அவளுக்கே ஆச்சரியம்.

ஆனால் ஆள் மாறவில்லை. அவள் வாய் திறந்தால் போதுமாம், கைவேலையைப் போட்டுவிட்டுக் கேட்பானாம். வார்டில் நடந்ததைச் சொன்னால் 'அப்புறம், அப்புறம்' என்பானாம். சிரிக்கவைத்தே அசதியைப் போக்கிவிடுவானாம்.

பரீட்சை நடத்துபவர் தோரணையில், "அவரைப் பார்த்து எவ்வளவு காலம் ஆகிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"வருடக்கணக்கில்."

"மறுபடி பார்ப்பீர்களா?"

"அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறேன்."

ஓஹோ, வெளிநாட்டு ஆசைக்கு வேர் இதுதானா! இவர் கடையை விற்றுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். அங்கே அவன் வாசலில் நின்று வரவேற்பான். புத்தகத்தைப் படாரென்று மூடினார்.

"இங்கிலீஷ் போதும், தமிழ்லயே கேக்குறேன். அவனைத் தேடித்தான் போறியா? மறைக்காம சொல்லு. நம்ம குடும்பம் இருக்கா, இல்லையா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வந்தது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவ்வளவு தூரம் எதுக்குங்க? இந்த வீட்லதான் இருக்காரு. என்னைக் கட்டிக்கிட்ட பிறகு ஆளைத்தான் காணோம்."