ஏழாவது டேக்

ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு பாறை மேல் தர்ஷினியை நிறுத்தி வைத்திருக்கிறான் வீடியோக்காரன். நாளைக்குத் தென்காசி மண்டபத்தில் அவளுக்குச் சடங்கு. அங்கே பெரிய திரையில் ஓட்டத்தான் இன்றைய படப்பிடிப்பு. பதின்மூன்று வயசுப் பிள்ளைக்குக் கழுத்து கொள்ளாத நகை. சாரல் பட்டுக் கண் மை கன்னத்தில் கோடாக இறங்குகிறது. அவன் செல்போனில் ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிறது. அதில் வயசுக்கு வந்த பெண் சிரித்துக்கொண்டே சுற்றுகிறாள். எங்கிருந்தோ பூ கொட்டுகிறது. "பாப்பா, அதே மாதிரி தலையக் குனிஞ்சு வெக்கமாச் சிரி," என்கிறான். இது ஏழாவது தடவை.

"எம்மா, வயிறு வலிக்கி."

"வீடியோவுல தெரியாதுக்கா. பாட்டப் போட்டு மறச்சிருவோம்," என்கிறான் அவன், கீழே நிற்கிற அவள் அம்மா கோமதியிடம்.

கோமதிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன மாசம் வயசுக்கு வந்த அன்றைக்குப் பள்ளிக்கூடக் கழிவறையில் இரண்டு வகுப்பு நேரம் அழுதபடி உட்கார்ந்திருந்த பிள்ளை இது. மண்டபம் கிடைத்த தேதியை ஒட்டி மறுபடியும் மாதவிலக்கு வந்துவிட்டது. அந்தப் பாட்டைத் தேடிப்பிடித்து அவனுக்குக் கொடுத்தவளும் கோமதிதான். தன் மேலேயே அந்த ஆத்திரம் வேறு. விறுவிறுவென்று பாறையேறிப் போய்ப் பாட்டை நிறுத்துகிறாள். மகளை உட்காரவைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து உளுந்தங்களியை ஊட்டுகிறாள். தர்ஷினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா மடியில் சுருள்கிறாள்.

"லைட்டு போயிரும்க்கா."

"எந்தப் படத்துலயாவது வலிக்குன்னு ஒரு பிள்ள சொல்லியிருக்காளா? எம்பிள்ள சொல்லுதா. இத எடு தம்பி."

படம் பதிவாவதைக் காட்டிக் கேமராவில் அதுவரை எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கை அவன் அணைத்துவிடுகிறான்.