சிவந்து போன ஏரி

“அக்கா, அந்த ஏரியை நம்பித்தான் என் வீட்டுல அடுப்பு எரியுது. நீயே என் வயித்துல அடிக்கலாமா?”

தொலைபேசியில் தம்பி அவளிடம் கேட்டான். நாட்டிலுள்ள ஆறு, ஏரிகளில் எவ்வளவு பாதரசம் கலந்திருக்கிறது என்று கணக்கெடுக்கும் திட்டத்துக்கு அவள்தான் தலைவி. சுவரில் மாட்டிய வரைபடத்தில் பச்சைப் புள்ளி என்றால் நல்ல தண்ணீர். சிவப்பு என்றால் மீன்பிடிக்கத் தடை. தடை செய்ய வேண்டிய இடங்களின் பட்டியலை மதியத்துக்குள் அனுப்பச் சொல்லி அமைச்சகம் கழுத்தை நெரித்தது. தம்பி வலை வீசும் ஏரியும் அதில் இருந்தது.

முதலில் அந்த ஏரி பச்சையாகத்தான் இருந்தது. உதவியாளர் எடுத்து வந்த தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. அதுதான் சிக்கல். தம்பிக்காக அக்கா கண்ணை மூடிக்கொண்டாள் என்று நாளைக்கு யாராவது நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசிவிட்டால்?

ஆகவே அவளே படகேறிப் போனாள். கையுறை மாட்டிக்கொண்டு, அமிலத்தில் கழுவிய குப்பியில் தண்ணீர் மொண்டாள். தூசு கீசு விழுந்துவிடப் போகிறதே என்று குப்பியின் மேல் கவிழ்ந்துகொண்டு, ‘கடவுளே, சுத்தமா இருக்கணும், தம்பி பிழைக்கணும்’ என்று முணுமுணுத்தபடியே மூடினாள்.

சிவப்பு என்று முடிவு வந்தது. மனசு கேட்காமல் மறுபடியும் போனாள். அப்போதும் சிவப்புதான்.

சந்தேகம் உதவியாளர் மேல் திரும்பியது. தம்பி அவரைத் தனியாகக் ‘கவனித்து’விட்டானோ? கேட்டே விட்டாள். அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

“அதே ஏரித் தண்ணிதான் மேடம். நம்பலைன்னா வேலையை விட்டுடுறேன்.”

அவரை விடுப்பில் அனுப்பினாள். அவர் குட்டை உடைப்பதற்காக அவரும் அவளும் எடுத்த தண்ணீரையும் வெளிப் பரிசோதனைக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினாள். பிறகு தம்பியின் ஏரிக்குத் தடை கேட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த வாரமே தம்பி கடைசியாகப் பேசினான்.

“படகை வந்த விலைக்குத் தள்ளிட்டேன். இனிமே எனக்கு அக்கான்னு யாரும் இல்ல.”

கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நேர்மையாக நடந்துகொண்டோம் என்ற ஒரே ஆறுதலோடு முகத்தைக் கழுவிக்கொண்டு இருக்கைக்குத் திரும்பினாள். பரிசோதனைக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது.

“மேடம், உங்க உதவியாளர் எடுத்தது சுத்தம். சந்தேகப்பட்டு நாங்களே போய் எடுத்ததும் சுத்தம். நீங்க எடுத்த ரெண்டு குப்பியில மட்டும்தான் பாதரசம். தப்பா நினைக்காதீங்க, சொத்தைப் பல்லுக்கு வெள்ளி அடைச்சிருக்கீங்களா? வெள்ளின்னு பேருதானே தவிர, அதுல பாதி பாதரசம். குப்பி மேல குனிஞ்சு பேசினா, மூச்சோட வர்ற பாதரசமே போதும்.”

அவள் நாக்கு மெல்ல நகர்ந்து, கடைவாயில் இருந்த அடைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது.