கழிவறை உபயம்

"பேரு போடோணுமுங்க டீச்சர். ரோட்டுல போற பஸ்ஸுல இருந்து பாத்தாலே தெரியோணும். கீழயே என்ற செல் நம்பரு."

ராசிபுரம் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியை அன்புச்செல்விக்குச் சுருக்கென்றது. மாணவிகளுக்குக் கழிவறை கட்டித் தரச் சொல்லிக் கேட்க வந்த இடத்தில் இப்படி ஒரு நிபந்தனையா?

எதிரே உட்கார்ந்திருந்த செங்கோட்டையன், போர்வெல் லாரி முதலாளி.

"கழிவறைச் சுவத்துலயாங்க?"

"அங்கதானுங்க. ஆளுயரத்துக்கு எழுத்து இருக்கோணும்."

வேறு வழியில்லை. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே வெளியே வராத அளவுக்கு 'உபயம்' எழுதுகிற புண்ணியவான்கள் எல்லாம், கழிவறை என்றதும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

எட்டாம் வகுப்பு இலக்கியாவோ பள்ளிக்கூடம் வந்தே ஒரு மாதம் ஆகிறது.

"ஒதுங்க எடமில்லீன்னு நாளெல்லாம் தண்ணி குடிக்காம கெடந்து புள்ளைக்கு நீர்க்கடுப்பே வந்துருச்சுங்க. கக்கூஸ் வரட்டும், அனுப்பறேன்" என்று அவள் அம்மா முத்தாயம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"சரிங்க, எழுதிக்கங்க" என்றார் அன்புச்செல்வி.

செங்கோட்டையன் சொன்னபடி செய்தார். போர் போட்டு, மோட்டார் இறக்கி, தொட்டி கட்டி, டைல்ஸ் ஒட்டிய கழிவறை. ரோட்டைப் பார்த்த சுவரில் 'உபயம்: செங்கோட்டையன்', கீழே செல் நம்பர். கண்ணைக் குத்தும் சிவப்பில்!

"போர்வெல் விளம்பரம் எழுத ஊரெல்லாம் செவுரு தேடறாங்க. இந்த மனுசன் கக்கூஸைக் கட்டி ஒரு செவுத்தைப் புடிச்சுட்டாரு பாருங்க மேடம்!" என்றார் கணக்கு ஆசிரியர் ஆனந்தகுமார்.

அன்புச்செல்வியும் சிரித்துவிட்டார்.

எப்படியோ, இலக்கியா திரும்பி வந்தாள். அது போதும்.

ஒரு வியாழக்கிழமை மதியம் மோட்டார் நின்றுபோனது. பள்ளி விடுவதற்குள் நாற்றம் வகுப்பறை வரை வந்துவிட்டது.

அன்புச்செல்விக்குப் பழைய கதை நினைவுக்கு வந்தது. முன்பும் ஒரு கம்பெனி கழிவறை கட்டிக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனது. மோட்டார் போனதும் அதற்கு விழுந்த பூட்டு இன்னும் தொங்குகிறது. இதுவும் அப்படித்தானா? இலக்கியா மறுபடியும் நின்றுவிடுவாளே!

மறுநாள் காலை அவர் பள்ளிக்கு வந்தபோது வாசலில் தண்ணீர் டிராக்டர் நின்றது. இரண்டு பேர் புது மோட்டாரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிரஷ்ஷால் கழிவறையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் செங்கோட்டையன்!

"ஐயோ, நீங்க எதுக்குங்க! நான் இன்னும் உங்களுக்குச் சொல்லவே இல்லீங்களே?"

"நேத்து ராத்திரியே முத்தாயம்மான்னு ஒருத்தங்க போன் போட்டுட்டாங்க. 'பேரு மட்டும் இத்தாம்பெருசா எழுதத் தெரியுதல்ல, தண்ணி எங்கய்யா? என்ற புள்ளையப் பள்ளிக்கோடம் அனுப்பறதா, வேண்டாமா?'ன்னு கிழிச்சுப்போட்டாங்க."

அன்புச்செல்விக்கு முகம் சுண்டிவிட்டது.

"மன்னிச்சுக்கங்க. அவங்களுக்கு நான் சொல்றேன். இனிமே உங்களைத் திட்டாம..."

"அய்யய்யோ, அப்படியெல்லாம் சொல்லிப்போடாதீங்க டீச்சர்!" பதறினார் செங்கோட்டையன். "கட்டி முடிச்சதும் மறக்கற புத்தி எனக்கும் உண்டுங்க. கோயில்ல எழுதற பேரு நாலு பேரு பாராட்டறதுக்கு. இங்க எழுதுனது, நாறுனா நாலு பேரு என்னையக் கூப்புட்டுத் திட்டறதுக்குங்க."